எங்க சைடுல எல்லாம் ஓகே

டிஸ்கி: இது கொஞ்சம் டெக்னிக்கல் பதிவு. பொட்டி தட்டாதவங்களும் படிக்கலாம். நடுவுல நாலு பத்தி மட்டும் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தாண்டிடுங்க. கொஞ்சம் பாவமன்னிப்பும் கலந்திருக்கு.

2025 அக்டோபர் 20-ஆம் தேதி அமேசான் கிளவுட் பல மணி நேரம் படுத்துக்கிச்சே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு எனக்கு மட்டும் ஒரே ஜோக் எட்டு பேர்கிட்ட இருந்து வந்துச்சு. "எப்பவுமே டிஎன்எஸ்தான்" அப்படிங்கற அதே பழைய ஜோக். நெட்வொர்க்ல ஆணி புடுங்கறவங்க நடுவுல இது பல வருஷமா ஓடுது. எது நின்னாலும் டிஎன்எஸ், எது விழுந்தாலும் டிஎன்எஸ்.

எனக்கு இந்த ஜோக்கைக் கண்டாலே ஆகாது. அன்னைக்கு நடந்தது என்ன? வர்ஜீனியா பக்கத்து டேட்டா சென்டர்கள்ல, டைனமோடிபிங்கற சர்வீஸோட முகவரியை டிஎன்எஸ்ல தானா எழுதற புரோகிராம்கள் ரெண்டு ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிச்சு. கடைசில அந்தப் பேருக்கு நேரா ஒண்ணுமே இல்லாம காலியாப் போச்சு. கேட்டவங்களுக்கு டிஎன்எஸ் "ஒண்ணும் இல்லீங்க"ன்னு சொல்லுச்சு. உண்மையைத்தானே சொல்லுச்சு? 2021 அக்டோபர் 4-ல ஃபேஸ்புக் ஆறு மணி நேரம் காணாமப் போனப்பவும் இதே கதைதான். பராமரிப்பு வேலைல கொடுத்த ஒரு கமாண்ட் அவங்க முதுகெலும்பு நெட்வொர்க்கையே கழட்டி விட்டுடுச்சு. டேட்டா சென்டரோட தொடர்பு போனதும் டிஎன்எஸ் சர்வர்கள், தங்களுக்கு வர்ற வழியைத் தாங்களே வாபஸ் வாங்கிடுச்சு. அப்படித்தான் அதை எழுதி வச்சிருந்தாங்க. ஊரே டிஎன்எஸ்ஸைத் திட்டுச்சு. மணியார்டர் வரலைன்னு போஸ்ட்மேன் சட்டையைப் பிடிக்கற மாதிரி.

சரி, அவங்கல்லாம் பெரிய இடம். நான் சொல்ல வந்தது ரெண்டு கம்பெனிக்கு நடுவுல வர்ற டிஎன்எஸ் பிரச்சினை. இருபது வருஷம் இதுல குப்பை கொட்டின அனுபவத்துல சொல்றேன். ஒரு கம்பெனி இன்னொண்ணை வாங்குது, ரெண்டு நெட்வொர்க்கையும் டனல் போட்டு இணைக்கறாங்க, அப்புறம் "பேர் ரிசால்வ் ஆகல"ன்னு டிக்கெட் வருது. இதுல பத்துல ஒன்பது டெக்னிக்கல் பிரச்சினையே கிடையாது. இந்தப் பேரு யாரோடது, அதுக்கு யாரு பொறுப்புன்னு எவனும் வாயைத் திறந்து சொல்லாததுதான் பிரச்சினை. அதுக்குப் பதிலா ரெண்டு பக்கமும் ஒரே மந்திரம்: "எங்க சைடுல எல்லாம் ஓகே."

அந்த மந்திரத்தை மூணு நாள் விடாம ஜபிச்சவன் நான். அதைச் சொல்றதுக்கு முன்னாடி டிஎன்எஸ் எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா.

புது ஊர்ல பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு வீட்டுக்கு வழி கேக்கறீங்கன்னு வைங்க. டீக்கடைக்காரர் நாலு விதமா பதில் சொல்லலாம். "மூணாவது சந்து, பச்சைக் கேட்டு" - இது முகவரி. "அப்படி ஒருத்தர் இந்த ஊர்லயே இல்லீங்க" - இது என்எக்ஸ்டொமைன். "கேட்டுப் பார்த்தேன், ஒழுங்கா பதில் வரலை" - இது சர்வ்ஃபெயில். "உனக்கெல்லாம் சொல்ல முடியாதுய்யா" - இது ரெஃப்யூஸ்ட். ஐந்தாவது ஒண்ணு உண்டு, கடையே பூட்டியிருக்கறது. அது டைம்அவுட். இந்த அஞ்சும் அஞ்சு வேற வேற வியாதி. ஆனா டிக்கெட்டுல எல்லாரும் எழுதறது ஒரே வரி: "டிஎன்எஸ் நாட் ஒர்க்கிங்." டாக்டர்கிட்டப் போய் "உடம்பு சரியில்ல"ன்னு மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கற மாதிரி.

2019-ஆம் வருஷம் ஆரம்பத்துல நான் வேலை பார்த்த சென்னைக் கம்பெனி, கோயம்புத்தூர்ல ஒரு ஃபவுண்டரியை வாங்குச்சு. (ரெண்டு பேரும் வேண்டாமே. கடை நடத்தறவங்க பொழைச்சுப் போகட்டும்.) ரெண்டு பக்கமும் தனித்தனி டொமைன், ரெண்டும் டாட் லோக்கல்ல முடியும். அந்தப் பேரே தப்பு. அது மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்குன்னு 2013-லயே ஒதுக்கின பேரு. ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே பாதி ஊரு அப்படி வச்சுக்கிட்டாச்சு. உள்ளுக்குள்ள வச்சுக்கறதுக்குன்னே டாட் இன்டர்னல்னு ஒண்ணை ஐகேன் ஒதுக்கினது 2024 ஜூலைலதான். கல்யாணம் முடிஞ்சு பேரப்புள்ளை எடுத்தப்புறம் ஜாதகம் பார்த்த கதை.

கோவை ஃபவுண்டரி ஆட்களோட அட்டெண்டன்ஸ் டேட்டாபேஸ் அங்க இருக்கு. சம்பளம் போடற சர்வர் சென்னைல. சென்னை சர்வர், கோவை டேட்டாபேஸைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு அட்டெண்டன்ஸை எடுத்துக்கணும். பேரு ரிசால்வ் ஆகல. ஏன்னா சென்னை டிஎன்எஸ்ஸுக்குக் கோவைல யார் இருக்காங்கன்னு தெரியாது.

அப்போ எங்க சீனியர் ஒருத்தர் ஒரு யோசனை சொன்னார். "கோவை டிஎன்எஸ் ஐபியை ரெண்டாவதா போட்டுடு. மொத ஆளுக்குத் தெரியலைன்னா ரெண்டாவது ஆளைக் கேக்கும்." இதை இன்னைக்கும் நம்பறவங்க நிறைய. தயவு செஞ்சு நம்பாதீங்க மக்களே. மொத ஆள் "அப்படி ஒருத்தர் இல்ல"ன்னு சொன்னா அதுவும் பதில்தான். பதில் கிடைச்சதும் கம்ப்யூட்டர் திருப்தியா உக்காந்துடும், ரெண்டாவது கடைக்குப் போகாது. மொத கடை பூட்டியிருந்தாத்தான் அங்க போகும். இதுல கொடுமை என்னன்னா, மொத சர்வர் பதில் சொல்ல லேட்டான நேரத்துல கேள்வி ரெண்டாவது சர்வருக்குப் போயி, அப்போ மட்டும் வேலை செய்யும். "ராத்திரி ஓடுச்சு சார், காலைல ஓடல"ன்னு வர்ற டிக்கெட்ல பல இந்த வகைதான். பேய் பிசாசு ஒண்ணும் இல்ல.

சரியான வழி கண்டிஷனல் ஃபார்வர்டர். "இந்தப் பேர்ல முடியற எதைக் கேட்டாலும் அந்த ஊர் டிஎன்எஸ்ஸைப் போய்க் கேளு"ன்னு நம்ம டிஎன்எஸ் சர்வர்லயே எழுதி வைக்கறது. விண்டோஸ் சர்வர் 2003-லேர்ந்து இருக்கு, ஒண்ணும் ராக்கெட் விடற வேலை இல்ல. அஞ்சு நிமிஷம் ஆகும். பயர்வால்ல 53-ஆம் நம்பர் போர்ட்டைத் திறக்கணும், யூடிபி டிசிபி ரெண்டுலயும். பல பேர் யூடிபி மட்டும் திறந்துட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. சின்ன பதில் எல்லாம் அதுல வந்துடும். யூடிபில அடங்காத நீளமான பதில்னா, "பாதிதான் இருக்கு, டிசிபில வா"ன்னு டிஎன்எஸ் சொல்லும். டிசிபி கதவு சாத்தியிருக்கும். ஆரம்பத்துல அந்த அளவு வெறும் 512 பைட்தான், இப்போ நீட்டிக்கலாம். ஆனாலும் எங்கயாவது ஒருநாள் முட்டும். சில பேரு மட்டும் ரிசால்வ் ஆகும், சிலது ஆகாது. எல்லாரும் மண்டையை உடைச்சுக்குவாங்க.

அஞ்சு நிமிஷ வேலைன்னேன்ல? அதுக்கு அனுமதி வாங்க மூணு வாரம். சேஞ்ச் ரிக்வெஸ்ட் போடணும், ரெண்டு கம்பெனி மேலாளர்களும் கையெழுத்துப் போடணும். "எங்க டிஎன்எஸ்ஸை அவங்க எதுக்குக் கேக்கணும்? எங்க சர்வர் பேரெல்லாம் தெரிஞ்சுடாதா?"ன்னு கோவைல கேள்வி. "வாங்கினது நாம, நாம எதுக்குக் கேக்கணும்"னு இங்க கெத்து. நடுவுல மார்ச் மாச சம்பளம் நிக்குது. டேமேஜர் என் சீட்டுக்குப் பக்கத்துல வந்து நின்னுட்டார்.

நான் என்ன செஞ்சேன்? சம்பள சர்வர்ல ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்து ஒரு வரி எழுதினேன். கோவை டேட்டாபேஸ் பேரு, அதோட ஐபி. சேவ். முப்பது செகண்ட். ஓட ஆரம்பிச்சிடுச்சு. டேமேஜர் முதுகுல தட்டிட்டுப் போனார்.

இந்த ஹோஸ்ட்ஸ் ஃபைலுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. டிஎன்எஸ் வர்றதுக்கு முன்னாடி ஆர்பாநெட் காலத்துல, எல்லா கம்ப்யூட்டர் பேரும் முகவரியும் ஒரே ஃபைல்ல இருந்துச்சு. கலிபோர்னியால எஸ்ஆர்ஐ நிறுவனத்துல எலிசபெத் ஃபெய்ன்லர் தலைமைல ஒரு குழு அதைப் பராமரிச்சாங்க. மத்தவங்க எல்லாரும் அதைக் காப்பி எடுத்து வச்சுக்கணும். காப்பி எடுத்தப்புறம் அங்க மாறினா இங்க தெரியாது. நெட்வொர்க் பெருசானதும் இது தாங்காதுன்னுதான் 1983-ல பால் மொகபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைச்சார். அதாவது, அந்த மனுஷன் எந்தத் தலைவலியை ஒழிக்கறதுக்காக மண்டையை உடைச்சாரோ, அதே தலைவலியை 2019-ல நான் முப்பது செகண்ட்ல திரும்பக் கொண்டு வந்தேன். "டெம்பரரி"ன்னு வேற சொன்னேன். ஆனா அந்த வரிக்குப் பக்கத்துல எழுதல. எங்கயுமே எழுதல.

ஏப்ரல்ல அனுமதி வந்துச்சு. ஃபார்வர்டர் போட்டோம், டெஸ்ட் பண்ணோம், கேக் வெட்டாத குறை. அந்த ஒரு வரியை எடுக்க மறந்துட்டேன். ஐபி மாறாத வரைக்கும் அதுனால ஒரு கெடுதலும் இல்ல. அதுதான் அதோட ஆபத்தே.

அதே வருஷம் நவம்பர் 17, ஞாயித்துக்கிழமை. கோவைல ஒரு தம்பி, காண்ட்ராக்ட்ல இருந்தவன், டேட்டாபேஸைப் புது சர்வருக்கு மாத்தினான். டிஎன்எஸ்ல புது ஐபியைப் போட்டான். எல்லாருக்கும் முன்கூட்டியே மெயில் அனுப்பினான். என்கிட்டயும் வந்துச்சு. படிச்சேன், "குட்"னு பதில்கூடப் போட்டேன். பழைய சர்வரை உடனே அணைக்கல. ஏதோ ரிப்போர்ட் அதுல ஓடுதுன்னு இன்னும் ஒரு மாசம் வச்சிருந்தான். அதுவும் ஒழுங்கான முறைதான்.

எங்க சம்பள சர்வர் பாட்டுக்குப் பழைய சர்வர்லயே அட்டெண்டன்ஸ் எடுத்துச்சு. எரர் வரலை. பழைய சர்வர்ல 17-ஆம் தேதிக்கு அப்புறம் ஒரு பதிவும் இல்ல. சம்பளக் கணக்கு 26-லேர்ந்து அடுத்த மாசம் 25 வரைக்கும். 18-லேர்ந்து 25 வரைக்கும் ஞாயிறைக் கழிச்சா ஏழு நாள். ஃபவுண்டரில ஷாப் ஃப்ளோர்ல நின்ன நூத்துச் சொச்சம் பேருக்கு ஏழு நாள் ஆப்சென்ட். ஏழு நாள் கூலி கட். ஆட்டோமேட் பண்ணியாச்சுன்னு யாரும் எடுத்துப் பார்க்கல. 30-ஆம் தேதி பேங்க்ல பணம் விழுந்தப்பதான் தெரிஞ்சுது.

திங்கக்கிழமை கான்ஃபரன்ஸ் கால். நான் கெத்தா என்எஸ்லுக்அப் அடிச்சுக் காட்டினேன். புது ஐபி சரியா வருது. "டிஎன்எஸ் பக்காவா இருக்கு. எங்க சைடுல எல்லாம் ஓகே. டேட்டாவை நீங்கதான் ஒழுங்கா மாத்தல." தம்பி திரும்பத் திரும்ப "டேட்டா இருக்குங்ணா, நான் பார்த்துட்டேனுங்ணா"ங்கறான். அவனோட மேனேஜரே அவனை நம்பல. செவ்வாய்க்கிழமையும் இதே. மெயில்ல காப்பி போடறவங்க எண்ணிக்கை ஏறிக்கிட்டே போச்சு.

இங்கதான் டெக்னிக்கல் விஷயம் ஒண்ணு. என்எஸ்லுக்அப் ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்கவே பார்க்காது. நேரா டிஎன்எஸ் சர்வர்கிட்டப் போய்க் கேக்கும். ஆனா பிங்கோ, பிரவுசரோ, சம்பள சாஃப்ட்வேரோ அப்படி இல்ல. ஆபரேட்டிங் சிஸ்டத்தைக் கேக்கும். அது மொதல்ல தன் சட்டைப் பையில இருக்கற ஹோஸ்ட்ஸ் சீட்டைத்தான் எடுத்துப் பார்க்கும், சீட்டுல இல்லைன்னாத்தான் வெளில கேக்கும். அதனால என்எஸ்லுக்அப் ஒரு பதிலும், அதே மெஷின்ல ஓடற அப்ளிகேஷன் இன்னொரு பதிலும் வச்சிருக்கலாம். எனக்கு இது தெரியாதா? நல்லாத் தெரியும். ஜூனியர் பசங்களுக்கு கிளாஸே எடுத்திருக்கேன். அந்த நேரத்துல தோணல, ஏன்னா தப்பு அந்தப் பக்கம்னு முடிவு பண்ணிட்டுத்தான் தேடவே ஆரம்பிச்சேன்.

புதன்கிழமை சாயந்திரம், கால் முடியற நேரத்துல தம்பி மெதுவா சொன்னான்: "ஏனுங்ணா, ஒருக்கா அந்த சம்பள சர்வர்ல இருந்தே பிங் பண்ணிப் பாக்கறீங்ளா? என்எஸ்லுக்அப் வேண்டாமுங்க, பிங்."

பண்ணேன். அடைப்புக்குறிக்குள்ள பழைய ஐபி. வயிறு கலங்கிடுச்சு. ஸ்க்ரீனை ஷேர் பண்ணாம இருந்தேன்ங்கற ஒரே காரணத்துனால அதை யாரும் பார்க்கல. ஃபைலைத் திறந்தேன், வரியை அழிச்சேன், கேஷை க்ளியர் பண்ணேன். போன்ல என்ன சொன்னேன் தெரியுமா? "ஏதோ கேஷ்ல பழைய ஐபி மாட்டியிருக்கு, க்ளியர் பண்ணிட்டேன்." எல்லாரும் "ஓ டிஎன்எஸ் கேஷா"ன்னு திருப்தியாயிட்டாங்க. எப்பவுமே டிஎன்எஸ்தான், பாருங்க!

ரெண்டு நாள்ல பாக்கிக் கூலி போட்டாங்க. ரிப்போர்ட்டுல காரணம்னு எழுதினது: "சர்வர் மாற்றத்துக்குப் பிறகு டிஎன்எஸ் கேஷ் பிரச்சினை." சர்வரை மாத்தினது யாரு? அந்தத் தம்பி. அவன் பேருக்கு நேராப் போய் உக்காந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு மனசு கேக்காம என் டேமேஜர்கிட்ட உண்மையைச் சொன்னேன். "விடுங்க, முடிஞ்சு போச்சு, இப்ப கிளறினா நமக்குத்தான் அசிங்கம்"னார். நானும் விட்டுட்டேன். "அவர் சொன்னார், விட்டேன்"னு சொல்லித் தப்பிக்கலாம். நிஜம் என்னன்னா, அவர் அப்படிச் சொல்லணும்னுதான் நான் எதிர்பார்த்துப் போனேன்.

2020 மார்ச்சோட அவன் காண்ட்ராக்ட் முடிஞ்சுது, நீட்டிக்கல. கொரோனா வந்த நேரம், எத்தனையோ பேருக்குப் போச்சுன்னு சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஆறேழு மாசம் கழிச்சு அவனுக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அன்னைக்கே தெரியுமுங்ணா. அதனாலதான் பிங் பண்ணச் சொன்னேன்"னான். "அப்புறம் ஏண்டா சொல்லல?" "நான் சொன்னா நம்புவாங்களாங்ணா? உங்க வாயால வரும்னு பார்த்தேன்."

அன்னைக்கு இன்னொண்ணும் சொன்னான். சம்பளம் கம்மியா வந்த அந்தத் திங்கக்கிழமை டைம் ஆபீஸ் ஜன்னல்ல ஆட்கள் வரிசையா நின்னாங்களாம். கோர் ஷாப்ல மணல் அள்ளி அள்ளி வேலை செய்யற அக்கா ஒருத்தங்க, விரலைத் தேய்ச்சுத் தேய்ச்சுக் காட்டி, "ரேகை அழிஞ்சு போச்சு போலருக்கு கண்ணு, மெஷின் என்னைய எடுக்கல"ன்னாங்களாம். ஏழு நாள் கூலி போனதுக்கு அவங்க சந்தேகப்பட்டது அவங்க விரலை.

அதனால "எப்பவுமே டிஎன்எஸ்தான்"னு யாராவது சிரிச்சா எனக்குச் சிரிப்பு வர்றதில்ல. இப்போ நான் இருக்கற இடத்துல நானே சில விஷயங்கள்ல அடாவடி பண்றேன். ரெண்டு கம்பெனி நடுவுல பிரச்சினைன்னா, எந்த மெஷின்ல கோளாறோ அதே மெஷின்ல உக்காந்து, ஸ்க்ரீனை எல்லாரும் பார்க்கற மாதிரி வச்சு, என்எஸ்லுக்அப் பிங் ரெண்டும் அடிக்கணும். என் லேப்டாப்ல ஓடுதுங்கற பேச்செல்லாம் செல்லாது. என்ன பதில் வந்துச்சோ அதை எழுத்துக்கு எழுத்து டிக்கெட்ல ஒட்டணும். "ஓகே"ங்கற வார்த்தை டிக்கெட்டுல வரவே கூடாது. பேரு ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு பக்கமும் ஒப்புக்கிட்ட ஒரு சொந்தக்காரர் வேணும், டிபார்ட்மெண்ட் பேர் இல்ல, ஆள் பேர். ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல எவன் வரி எழுதினாலும் பக்கத்துல ஒரு ஹேஷ் குறி போட்டு, தன் பேர், தேதி, எப்போ எடுக்கணும்ங்கறதை எழுதணும். எழுதாத வரியைக் கண்டா நான் கேக்காம அழிச்சுடுவேன். இதனால எனக்கு டீம்ல ஒரு பட்டப்பேர் இருக்கு, இங்க சொல்ல முடியாது.

"அவசரத்துக்கு ஹோஸ்ட்ஸ் ஃபைல் தப்பா?"ன்னு கேப்பீங்க. சம்பளம் நிக்கும்போது மூணு வாரம் கையெழுத்துக்குக் காத்திருன்னு நான் சொல்ல மாட்டேன். இன்னைக்கும் அதே நிலைமைன்னா அதே வரியை எழுதுவேன். ஆனா எழுதின கையோட அந்தப் பக்கத்து ஆளுக்கு ஒரு மெயில் தட்டியிருந்தேன்னா, அந்தத் தம்பி நவம்பர்ல சர்வரை மாத்தும்போது என் வரியும் அவன் லிஸ்ட்ல இருந்திருக்கும்.

அவன் இப்போ பெங்களூர்ல நல்ல வேலைல இருக்கான். போன தீபாவளிக்குக் கூப்பிட்டப்போ, "உங்க ஹோஸ்ட்ஸ் ஃபைல் எப்படி இருக்குதுங்ணா"ன்னுதான் ஆரம்பிச்சான்.

இன்னும் பதிவு எழுதிட்டு இருக்கற நம்ம நாலு பேர்ல ரெண்டு பேராவது பொட்டி தட்டறவங்கதான். நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்க சர்வர்ல அந்த ஃபைலைத் திறந்து, பேர் தேதி இல்லாத வரி எத்தனை இருக்குன்னு எண்ணிட்டு வந்து பின்னூட்டத்துல சொல்லுங்க. என்னைத் திட்ட நினைக்கறவங்களும் அங்கயே திட்டலாம், மாடரேஷன் போடல.